இரட்டை நாடியை ஒரே மாதத்தில் கரைக்க முடியுமா? கழுத்தில் ஊசி போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து சில கிலோமீட்டர் போனால் கெடிலம் ஆற்றங்கரையில் திருவந்திபுரம். தேவநாத சுவாமி கோயிலும் எதிரே ஔஷதகிரி மலையும் இருக்கும் இந்த ஊரில், நல்ல முகூர்த்த நாள் என்றால் ஒரே காலையில் நூறு கல்யாணம் தாண்டிவிடும். ஒரு ஜோடி மாலை மாற்றி இறங்குவதற்குள் அடுத்த ஜோடி தயாராக நிற்கும். அந்த அவசரத்திலும் யாரும் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு. போட்டோ.

ஆல்பம் டிசைன் பண்ணும் நேரத்தில் ஸ்டூடியோக்காரரிடம் கொஞ்சம் கூச்சத்தோடு வைக்கப்படும் கோரிக்கை இது: "அண்ணா, நாடிக்குக் கீழ தொங்குறத மட்டும் எடுத்து விட்ருங்களேன்." கம்ப்யூட்டரில் அது சில நிமிட வேலை. ஆனால் இப்போது அந்தக் கோரிக்கை ஸ்டூடியோவைத் தாண்டி கிளினிக் வாசலுக்குப் போய்விட்டது. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு செல்போனில் விளம்பரங்கள் வரத் தொடங்குகின்றன. ஒரே சிட்டிங், கத்தி இல்லை, வலி இல்லை, அன்றைக்கே வேலைக்குப் போகலாம் என்கிறார்கள். பெண்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 'ஜாலைன்' மோகத்தில் மாப்பிள்ளைகளும் சளைத்தவர்கள் இல்லை.

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. அதற்குள் டபுள் சின் போகுமா? சுருக்கமான பதில்: பாதுகாப்பான வழியில் போகாது. ஏன் என்பதுதான் நீளமான பதில்.

அங்கே என்னதான் இருக்கிறது?

பேச்சுத் தமிழில் 'ரெட்டை நாடி உடம்பு' என்றால் வாட்டசாட்டமான ஆள் என்று அர்த்தம். அதில் வசவு கிடையாது. சொல்லப்போனால் கொஞ்சம் மரியாதைகூட உண்டு. 'பூசினாப்ல இருக்கா' என்பதும் ஒரு காலத்தில் பெண் பார்க்கும் இடத்தில் பாராட்டாகவே இருந்தது. நாடிக்குக் கீழே விழும் மடிப்பு ஒரு குறையாக மாறியது சமீபத்திய கதை.

கண்ணாடியில் பார்த்தால் வெறும் சதை மடிப்பு மாதிரிதான் தெரியும். உள்ளே அது பல அடுக்கு. மேலே தோல். அதற்குக் கீழே ஒரு கொழுப்பு அடுக்கு. அடுத்து பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய பட்டைத் தசை. அந்தத் தசைக்கும் கீழே இன்னொரு கொழுப்பு அடுக்கு, எச்சில் சுரப்பிகள், நிணநீர்க் கணுக்கள். தாடை எலும்பின் ஓரமாக, கீழ் உதட்டை அசைக்கும் நரம்பு ஒன்றும் ஓடுகிறது. இந்த நரம்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எடை கூடினால் இந்தக் கொழுப்பு கூடும். வயதாக ஆக தோல் தளரும். ஆனால் ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இரட்டை நாடி விழுகிறதே? அதற்குக் காரணம் பெரும்பாலும் எலும்பு. நாடி எலும்பு சிறியதாகவோ பின்தங்கியோ இருந்தால், கீழே இருக்கும் தோலை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாத கூடாரம் மாதிரி ஆகிவிடும். நாக்குக்கு அடியில் லாட வடிவில் ஹையாய்டு என்று ஓர் எலும்பு இருக்கிறது. அது சிலருக்குப் பிறவியிலேயே கொஞ்சம் தாழ்வாக அமைந்திருக்கும். அப்போது நாடிக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய வளைவு மழுங்கிப்போகும். அப்பாவுக்கும் அத்தைக்கும் அதே கழுத்து இருந்தால் விஷயம் குடும்பச் சொத்து. இவர்கள் பட்டினி கிடந்தாலும் முகம்தான் வாடும், நாடி மாறாது.

பாதிக் குற்றம் கேமராவுடையது

செல்ஃபி எடுக்கும்போது முகம் மாறித் தெரிவது பிரமை இல்லை. 30 சென்டிமீட்டர் தூரத்தில் எடுத்த படத்தில், ஐந்தடி தூரத்தில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கேமராவுக்கு எது பக்கத்தில் இருக்கிறதோ அது பெரிதாகும். போனை மடியில் வைத்துக்கொண்டு வீடியோ கால் பேசினால் பக்கத்தில் இருப்பது நாடிக்கு அடிப்பகுதி.

தாலி கட்டும் நேரத்தை யோசித்துப் பாருங்கள். மணப்பெண் தலை குனிந்திருப்பார். கழுத்து நிறைய மாலை. குனிந்தால் யாருக்கும் நாடிக்குக் கீழே மடிப்பு விழும், ஒலிம்பிக் வீராங்கனைக்கும் விழும். வீட்டுச் சுவரில் மாட்டுவது பெரும்பாலும் அந்தப் படத்தைத்தான். அந்த ஒரு படத்தைப் பார்த்து மனசு உடைவதில் நியாயமே இல்லை. மற்ற படங்களுக்கு போட்டோகிராபர்களுக்குத் தெரிந்த வித்தைகள் உண்டு. கேமரா கண் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலேயோ இருக்கட்டும். முகத்தைப் பின்னால் இழுக்காமல் ஆமை போல லேசாக முன்னால் நீட்டி, பிறகு நாடியைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். செய்யும்போது அசட்டுத்தனமாக இருக்கும். படத்தில் நன்றாக இருக்கும். செலவு பூஜ்யம்.

பயிற்சி செய்தால் கரையுமா?

கூரையைப் பார்த்து முத்தம் கொடுப்பது, நாக்கை மூக்கு வரை நீட்டுவது, ரப்பர் பந்தைக் கடிப்பது என்று ரீல்ஸில் ஆயிரம் பயிற்சிகள் ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே நம்பிக்கை: எந்த இடத்துத் தசைக்கு வேலை கொடுக்கிறோமோ அந்த இடத்துக் கொழுப்பு எரியும்.

இந்த நம்பிக்கையை 1971-லேயே டென்னிஸ் வீரர்களை வைத்துச் சோதித்துவிட்டார்கள். வருடக்கணக்கில் ஒரே கையால் மட்டையைச் சுழற்றுபவர்களின் இரண்டு கைகளிலும் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை அளந்து பார்த்தார்கள். ஆடும் கையில் தசை பெரிதாக இருந்தது. கொழுப்பின் தடிமனில் வித்தியாசம் இல்லை. 2011-ல் வயிற்றுப் பயிற்சியை மட்டும் ஆறு வாரம் செய்ய வைத்துப் பார்த்த ஆய்விலும் தொப்பை குறையவில்லை. கொழுப்பை எங்கிருந்து எடுப்பது என்பதை உடம்பு தன் இஷ்டத்துக்குத்தான் முடிவு செய்கிறது.

முகப் பயிற்சிக்கு ஒரு நல்ல ஆய்வும் உண்டு. 2018-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், 40 முதல் 65 வயதுப் பெண்களைத் தினமும் அரை மணி நேரம் முகப் பயிற்சி செய்ய வைத்தார்கள். பாதியில் எட்டு வாரத்துக்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாகக் குறைத்து, மொத்தம் 20 வாரம் நடந்தது. கடைசி வரை தாக்குப்பிடித்தவர்கள் 16 பேர்தான். பலன் கிடைத்தது, ஆனால் எங்கே? கன்னம் கொஞ்சம் பூரித்தது. முகத்தில் சதை குறைய வேண்டும் என்று நினைப்பவர் கேட்டது இதை இல்லை.

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்தால் தாடையே செதுக்கினாற்போல் ஆகிவிடும் என்கிற 'மியூயிங்' பள்ளிப் பையன்கள் வரை பரவியிருக்கிறது. ஜான் மியூ என்ற பிரிட்டிஷ் பல் மருத்துவரின் பெயரில் இருந்து வந்த சொல் அது. வளர்ந்துவிட்டவர்களின் தாடை எலும்பு இதனால் மாறும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கமே சொல்லிவிட்டது. நாக்கை வைத்துக்கொண்டு இருப்பதால் பெரிய கெடுதல் வராது, போகட்டும். ரப்பர் பந்து கடிப்பது அப்படி இல்லை. தாடை மூட்டில் வலி வரலாம். மெல்லும் தசை புடைத்து முகம் இன்னும் அகலமாகத் தெரியலாம்.

ஊசி போட்டால்?

கொழுப்பைக் கரைக்கும் ஊசி என்பது கட்டுக்கதை இல்லை. பித்தநீரில் இருக்கும் டிஆக்ஸிகோலிக் அமிலம் சாப்பாட்டுக் கொழுப்பைச் சிதைக்க உதவுகிறது. அதை ஆய்வகத்தில் தயாரித்து ஊசியாக நாடிக்குக் கீழே செலுத்தினால் அங்கிருக்கும் கொழுப்பு செல்கள் உடைந்து சாகும். 2015 ஏப்ரலில் 'கைபெல்லா' என்ற பெயரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு அனுமதி கொடுத்தது. நாடிக்கு அடியில் மட்டும்தான் அனுமதி. கைக்கும் தொடைக்கும் இல்லை.

அந்த மருந்தோடு வரும் அதிகாரபூர்வக் குறிப்பைப் படித்தால் 'ஒரே சிட்டிங்' விளம்பரத்தின் சாயம் வெளுத்துவிடும். ஒரு தடவையில் 50 ஊசி வரை குத்தலாம். இப்படி ஆறு தடவை வரை தேவைப்படலாம். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் குறைந்தது ஒரு மாதம் இடைவெளி விட வேண்டும். கணக்கு எளிது: கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது போய் நின்றால் முதல் தவணையோடு மேடை ஏற வேண்டியதுதான். அந்த முதல் தவணை கொடுப்பது பெரும்பாலும் வீக்கம். பரிசோதனைகளில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 100-க்கு 87 பேருக்கு வீக்கம் வந்தது. ரத்தம் கட்டி நீலம் பாரித்தல், மரத்துப்போதல், வலி எல்லாம் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு. மெலிய வேண்டும் என்று போனவர் சில நாட்களுக்குத் தவளை மாதிரி கழுத்தோடு உட்கார வேண்டியிருக்கும்.

முன்னால் சொன்ன அந்த நரம்பு இங்கேதான் வருகிறது. மருந்து அதன் மேல் பட்டால் உதட்டின் ஒரு பக்கம் கீழே இறங்காது, சிரித்தால் வாய் கோணும். பரிசோதனைகளில் 100-க்கு 4 பேருக்கு இது நடந்தது. எல்லாருக்கும் சரியாகிவிட்டது, உண்மை. பொதுவாக ஆறு வாரம் போல ஆனது, சிலருக்கு மாதக்கணக்கில் இழுத்தது. 100-க்கு 2 பேருக்கு விழுங்குவதில் சிரமம் வந்தது. இத்தனையும் பயிற்சி பெற்ற மருத்துவர்கள், தரமான மருந்தை, அளந்து போட்டபோது வந்த கணக்கு. பார்லரின் பின்னறையில், ஆன்லைனில் வாங்கிய லேபிள் தெரியாத குப்பியை வைத்துக் குத்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே கிடையாது. அனுமதி பெறாத இத்தகைய ஊசிகளால் நிரந்தரத் தழும்பு, தீவிரத் தொற்று, கட்டி, தோல் உருக்குலைவு வந்ததாக எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது.

இன்னொன்று, இந்த மருந்து எட்டுவது தோலுக்கும் பட்டைத் தசைக்கும் நடுவில் இருக்கும் கொழுப்பை மட்டும். தசைக்கு அடியில் இருக்கும் கொழுப்புக்கோ தளர்ந்த தோலுக்கோ தாழ்ந்த எலும்புக்கோ அதனால் ஆவது ஒன்றுமில்லை. காரணம் எது என்று பார்க்காமல் ஊசியை எடுப்பவரிடம் கழுத்தைக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

கொழுப்பை உறைய வைக்கும் 'கூல்ஸ்கல்ப்டிங்' முறைக்கு லிண்டா இவாஞ்சலிஸ்டாவின் கதை போதும். 1990-களில் உலகின் முன்னணி மாடல்களில் ஒருவர். சிகிச்சைக்குப் பிறகு நாடி உட்பட, உறைய வைத்த இடங்களில் எல்லாம் கொழுப்பு குறைவதற்குப் பதிலாகக் கெட்டியாகப் பெருகிவிட்டது என்று 2021-ல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கு 2022-ல் சமரசத்தில் முடிந்தது. அரிதான பக்கவிளைவுதான். ஆனால் வந்தால் தானாகப் போகாது, அறுவை சிகிச்சைதான் வழி.

பக்கத்திலேயே நடந்தவை

2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவர் ஒருவர் இறந்தார். அந்த இடத்துக்கு அழகு நிலையம் நடத்தும் உரிமம் மட்டுமே இருந்தது பிறகுதான் தெரியவந்தது. மருத்துவம் படிக்கும் பையனே ஏமாந்தார் என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்.

2022 மே மாதம் கன்னட சீரியல் நடிகை சேத்தனா ராஜ் பெங்களூருவில் கொழுப்பு நீக்க அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்தார். வயது 21. 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர், உடல் எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்காகச் சென்னை புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. சுகாதாரத் துறை விசாரணை நடத்தி, மருத்துவமனையைத் தற்காலிகமாக மூட உத்தரவிட்டது.

இந்த மூன்றில் எதுவும் இரட்டை நாடி சிகிச்சை இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நாடிக்குக் கீழே செய்யும் லைப்போசக்‌ஷன் இவற்றைவிடச் சிறியது. பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, சின்னத் துளை போட்டு முடித்துவிடுவார்கள். தகுதியுள்ள பிளாஸ்டிக் சர்ஜன், வசதியுள்ள ஆபரேஷன் தியேட்டர், சரியான ஆள் மூன்றும் சேர்ந்தால் பலன் தருவதும் அதுதான். வீக்கம் முழுக்க வடிந்து வடிவம் தெரிய சில மாதங்கள் ஆகும், அவ்வளவே. சின்ன வேலைதானே என்ற அலட்சியம் இருக்கிறதே, அதுதான் மேலே சொன்ன இடங்களுக்கும் பின்னறை ஊசிக்கும் பொதுவான விஷயம்.

கழுத்து வேறு ஏதாவது சொல்கிறதா?

விளம்பரங்கள் சொல்லாத பகுதி இது. நாடிக்குக் கீழே தெரிவதெல்லாம் கொழுப்பு இல்லை.

ஒரு டம்ளர் தண்ணீரோடு கண்ணாடி முன் நில்லுங்கள். தலையை லேசாக நிமிர்த்தி ஒரு வாய் விழுங்குங்கள். கழுத்தின் முன்பக்க வீக்கம் விழுங்கும்போது மேலேறி இறங்கினால் அது தைராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். கூடவே அசதி, மலச்சிக்கல், மாதவிடாய்க் கோளாறு, முகம் உப்பல் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. தைராய்டு குறைவுக்கு மாத்திரை உண்டு, ஊசி எதற்கு?

ஒரு பக்கமாக மட்டும் உருண்டையாக, விரலால் தொட்டால் தனியாக உருளும் கட்டி என்றால் அது நெறி கட்டியிருக்கலாம். இந்தியாவில் கழுத்து நெறிக்குக் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். இரண்டு, மூன்று வாரம் ஆகியும் வடியவில்லை என்றால் காட்டியாக வேண்டும். சொத்தைப் பல் இருந்து, நாடிக்கு அடியில் திடீரென வீங்கி, காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, எச்சில் வழிதல் சேர்ந்தால் ஒரு நிமிடம்கூட காத்திருக்கக் கூடாது. அந்தத் தொற்று நாக்கை மேலே தள்ளி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். 108-ஐக் கூப்பிட வேண்டிய நிலை அது.

மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் வாங்கிய பெயர் தெரியாத மாத்திரையையோ பொடியையோ மாதக்கணக்கில் சாப்பிட்டு, முகம் நிலா மாதிரி உருண்டிருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

அப்புறம் அந்தக் கறுப்பு. பின்கழுத்தில் வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுத்திருப்பதை அழுக்கு என்று நினைத்து எலுமிச்சையும் கடலை மாவும் போட்டுத் தேய்ப்பவர்கள் ஏராளம். தேய்த்தால் புண்தான் ஆகும். அது பெரும்பாலும் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படவில்லை என்பதன் அறிகுறி. சர்க்கரை நோய் வருவதற்கு முன்பே கழுத்து கொடுக்கும் தகவல். கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டி, இரவில் பலமான குறட்டை, பகலில் தூங்கி வழிதல் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். தையல் டேப் போதும் அளக்க.

இவை அரிதான விஷயங்கள் இல்லை. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நாட்டில் 10 கோடிக்கும் மேல் சர்க்கரை நோயாளிகள் இருப்பதாகச் சொன்னது. ஸ்கின் கிளினிக்கில் கட்டும் முன்பணத்தில் ஒரு சிறு பங்கு இருந்தால் சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடலாம். மஞ்சக்குப்பத்தில் இருப்பவருக்கு அரசு தலைமை மருத்துவமனை கூப்பிடு தூரம்தான். பல், தாடை அமைப்பு சம்பந்தப்பட்டது என்றால் சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரிய விஷயம் என்றால் புதுச்சேரி ஜிப்மர்.

எடை குறைத்தால் எத்தனை நாளில் தெரியும்?

இதற்கு விசித்திரமாக ஒரு துல்லியமான பதில் இருக்கிறது. டொரொண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முகப் படங்களை வைத்து 2015-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சராசரி உயரமுள்ள ஒருவர் மூன்றரை முதல் நான்கு கிலோ குறைத்தால் முகத்தில் அது அடுத்தவர் கண்ணுக்குத் தெரியும். 'அழகாயிட்டே' என்று சொல்ல வைக்க ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு குறைய வேண்டும். வாரம் அரை கிலோ என்ற பாதுகாப்பான வேகத்தில் போனால், முதல் மாற்றத்துக்கே ஏழெட்டு வாரம். கல்யாணத் தேதி குறித்த அன்றே ஆரம்பித்தால் நேரம் தாராளம்.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் காலையில் நடப்பவர்கள் செய்வது பழைய வைத்தியம்தான், ஆனால் வேலை செய்யும். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்ச அளவு. தட்டில் சோற்று மலையைப் பாதியாக்கி, அந்த இடத்தில் மீனோ முட்டையோ சுண்டலோ காய்கறியோ வந்தால் போதும். டீக்கடையில் நாளுக்கு நாலு டீ என்றால் அதில் போகும் சர்க்கரையை ஒருதடவை எண்ணிப் பாருங்கள். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல், விருந்து. சொந்தக்காரர் வீட்டில் 'வேணாம் அத்தை' என்று சொல்லக் கற்றுக்கொள்வது நடையைவிடக் கஷ்டமான பயிற்சி.

2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த மவுஞ்சாரோ போன்ற எடை குறைப்பு ஊசிகளை நாடிக்காகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவை சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்கும் மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்துகள். வேகமாக எடை இறங்கினால் முகத்தில் கொழுப்பு போய்த் தோல் மட்டும் தொங்கும். கொழுப்பு மடிப்பு போய்த் தோல் மடிப்பு வந்தால் லாபம் என்ன?

சிகிச்சைதான் வேண்டும் என்றால்

எல்லாம் பார்த்த பிறகும் அந்த மடிப்பு மனசை அரிக்கிறது என்றால் சிகிச்சை எடுத்துக்கொள்வதில் தப்பே இல்லை. யாரிடம் என்பதுதான் கேள்வி. தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா என்று கேளுங்கள். 'காஸ்மெட்டாலஜி கோர்ஸ்' முடித்ததாகச் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் மருத்துவப் பட்டம் ஆகாது. பட்டறையில் பார்த்தும் யூடியூப் பார்த்தும் கற்றுக்கொண்டு முடி நடும் சிகிச்சை செய்யக் கூடாது என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமே சொல்ல வேண்டி வந்தது என்றால் நிலைமை புரியும்.

மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். கிளினிக், 1997-ம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். சந்தேகம் என்றால் மாவட்டத்தில் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்கலாம், புகாரும் கொடுக்கலாம். கல்யாணத்துக்கு ஆறு மாதத்துக்குள் என்றால் தள்ளிப்போடச் சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

கடைசியாக, ஊசி உடைக்கும் முன் குப்பியை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள். மருந்தின் பெயர், தயாரித்த நிறுவனம், பேட்ச் எண், காலாவதி தேதி, வெளிநாட்டு மருந்து என்றால் இறக்குமதி உரிம எண். அதை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க விடமாட்டோம் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.